மென்று முழுங்கும் பேச்சு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் சொற்புதிரில் 'மம்பிள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'முணுமுணுத்தல்' என்று துப்புக் கொடுத்திருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு செம்பூர் முதல் டோம்பிவிலி வரை பலர் எழுதிவிட்டார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் மகளின் பள்ளி ரிப்போர்ட்டில் "வாசிக்கும்போது மம்பிள் செய்கிறாள்" என்று டீச்சர் எழுதியிருக்கிறார். நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் அவள் முணுமுணுக்கிறாள் என்று ஆகிறது. அவள் எதற்கும் முணுமுணுக்கிற பெண் இல்லையே! அந்தச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? எங்கிருந்து வந்தது?
— செம்பூர் வாசகி

எங்கள் துப்புதான் தப்பு. தமிழில் முணுமுணுப்பு என்றாலே அதற்குள் ஒரு மனக்குறை ஒளிந்திருக்கும். மாமியார் சொன்னதற்கு மருமகள் முணுமுணுப்பாள், ஓவர்டைம் கொடுக்காத முதலாளியைப் பார்த்துத் தொழிலாளி முணுமுணுப்பார். மம்பிளில் அந்தக் குறை கிடையாது. சத்தம் வருகிறது, சொல் வரவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். உங்கள் மகள் வாயைச் சரியாகத் திறக்காமல் வாசிக்கிறாள், அவ்வளவுதான். "வாய்க்குள்ளேயே பேசுறா", "சொல்லை மென்னு முழுங்குறா" என்று வீட்டில் சொல்வோமே, அதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

'மென்னு முழுங்குறது' என்பதை ஏதோ பேச்சுக்குச் சொல்லவில்லை. மம்பிள் ஆங்கிலத்தில் தலைகாட்டுவது 14-ஆம் நூற்றாண்டில். அப்போது அதன் வடிவம் 'மோமெலென்'. பேச்சோடு கூடவே அதற்கு இன்னொரு பொருளும் இருந்தது: பல் இல்லாதவர் ஈறாலேயே உணவை மெதுவாக மெல்லுவது. பாட்டி வெற்றிலையை இடித்து வாயில் போட்டு அசை போடுவதைப் பாருங்கள். உதடு மூடியிருக்கும், தாடை மட்டும் அசையும். அதே வாயோடு அவர் பேசினால் எப்படிக் கேட்குமோ, அதுதான் மம்பிள். கத்தியை எறிந்து நிலத்தில் குத்த வைக்கும் பழைய சிறுவர் விளையாட்டு ஒன்றுக்கு 'மம்பிள்ட்டி பெக்' என்று பெயர். தோற்றவன் மண்ணில் அடித்த முளைக்குச்சியைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டும். பேச்சுக்கு அங்கே இடமே இல்லை, வாய்க்கும் பல்லுக்கும் மட்டுமே வேலை.

சொல்லின் அடி 'மம்'. உதட்டைப் பிரிக்காமல் எழுப்பக்கூடிய ஒலி அது. நம் 'உம்' மாதிரி. "உம்முன்னு உட்கார்ந்திருக்கான்" என்று நாம் சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் "மம்" என்பார்கள். அதன் வாலில் இருக்கும் 'ல்' ஒரு விகுதி, திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டுவது. பொறி ஒன்று தெறித்தால் 'ஸ்பார்க்', தெறித்துக்கொண்டே இருந்தால் 'ஸ்பார்க்கிள்'. தமிழில் இந்த வேலைக்கு நாம் விகுதி சேர்ப்பதில்லை, சொல்லையே இரட்டிப்போம்: மினுமினு, சலசல, மொணமொண. இப்படி இரட்டித்து வருவதைப் பிரித்தால் பொருள் நிற்காது என்று தொல்காப்பியம் சொல்கிறது: "இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்து இசையா." 'முணு' என்று ஒற்றையாக யாரும் முணுப்பதில்லை.

இனி ஒரு வேடிக்கை. 'மோமெலென்' என்பதில் 'ப' ஒலி இல்லை. அதன் ஜெர்மன் உறவான 'மும்மெல்ன்' இன்றும் 'ப' இல்லாமல்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் நடுவே ஒரு 'ப' எப்படி நுழைந்தது?

கண்ணாடி முன் நின்று 'ம்' என்று நீட்டிச் சொல்லுங்கள். உதடு மூடியிருக்கிறது, காற்று மூக்கு வழியே போகிறது. இப்போது மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'மாமா' என்று சொல்லிப் பாருங்கள். 'பாபா' மாதிரி கேட்கும். ஜலதோஷம் பிடித்தவர் பேச்சும் இதே காரணத்தால்தான் அப்படி இருக்கிறது. ஆக, ம-வுக்கும் ப-வுக்கும் உதட்டு வேலை ஒன்றே, மூக்குவழி திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்பதே வித்தியாசம். "இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்" என்று இரண்டையும் ஒரே நூற்பாவில் தொல்காப்பியர் கட்டியதும் இதனால்தான். 'ம்' முடிந்து 'ல்' தொடங்க வேண்டுமானால் இரண்டு காரியம் ஒரே நொடியில் நடந்தாக வேண்டும்: உதடு திறக்க வேண்டும், மூக்குவழி மூட வேண்டும். மூக்கு ஒரு கணம் முந்திக்கொண்டால், உதடும் மூடி மூக்கும் மூடி இருக்கிற அந்தச் சந்தில் 'ப' பிறந்துவிடுகிறது. யாரும் திட்டம் போட்டுச் சேர்த்ததல்ல அது.

இன்னொன்று. 'மம்பிள்' என்று தமிழில் எழுதும்போது கிரந்தம் எதுவும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? ம்-க்குப் பின்னால் வரும் ப தானாகவே அழுத்தம் குறைந்து ஒலிக்கும். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. அந்த இரண்டாவதுதான் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து.

அப்படியானால் கட்டைவிரலைக் குறிக்கும் 'தம்' என்ற சொல்லில் கடைசியில் அந்த எழுத்தை எழுதிவிட்டு ஏன் உச்சரிப்பதில்லை? பையன் கேட்கிறான், பதில் தெரியவில்லை.
— டோம்பிவிலி வாசகர்

பையனிடம் இப்படிச் சொல்லுங்கள். பழைய ஆங்கிலத்தில் கட்டைவிரல் 'தூமா'. 'ப' ஒலியும் இல்லை, எழுத்தும் இல்லை. பிற்காலத்தில் எழுத்தில் மட்டும் ஒட்டவைத்தார்கள். ஆனால் தையல்காரர் விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் 'திம்பிள்' இருக்கிறதே, அதுவும் இந்த விரலிலிருந்து வந்த சொல்தான். அங்கே ம்-க்கும் ல்-க்கும் இடையே மேலே சொன்ன சந்து கிடைத்துவிட்டதால் 'ப' உண்மையாகவே ஒலிக்கிறது. சொல்லின் கடைசியில் 'ம்' நின்றால் சந்து இல்லை, ஒலியும் இல்லை. ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் 'லேம்' நேர் எதிர்க் கதை: முன்பு ஒலித்த 'ப' பின்னால் உதிர்ந்துபோனது, எழுத்து மட்டும் மிஞ்சியது.

இதே நோய் பிரெஞ்சிலும் உண்டு. அறைக்கு லத்தீனில் 'கேமரா'. பிரெஞ்சுக்காரர் வாயில் நடு உயிர் விழுந்து ம்-மும் ர்-ரும் முட்டிக்கொள்ள, 'ப' முளைத்து, ஆங்கிலத்தில் 'சேம்பர்' ஆயிற்று. கோர்ட்டில் ஜட்ஜ் உட்காரும் சேம்பரும் கையில் இருக்கும் கேமராவும் ஒரே சொல்! 'நம்பர்' என்பதிலும் அப்படித்தான். லத்தீன் மூலமான 'நூமெருஸ்' ப இல்லாதது.

கூடவே 'பிளம்பர்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஈயத்துக்கு லத்தீனில் 'பிளம்பும்'. ஆங்கிலேயர் அந்த இரண்டாவது 'ப'-வை விழுங்கி 'பிளமர்' என்பார்கள். பரீட்சைக்கு அது சரி. தாராவியில் பைப் அடைத்துக்கொண்டால் பிளம்பர் என்றே கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மட்டர், மர்மர், மம்பிள் மூன்றும் ஒன்றா? டாக்டர் என் எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்து 'மர்மர்' என்றார். இதயமும் முணுமுணுக்குமா?
— மாட்டுங்கா வாசகர்

ஒன்றில்லை. தனக்குத்தானே, பெரும்பாலும் எரிச்சலோடு, அடிக்குரலில் பேசுவது 'மட்டர்'. எங்கள் 'முணுமுணுத்தல்' உட்கார வேண்டிய நாற்காலி இதுதான். லத்தீனில் இதன் உறவுச்சொல்லான 'முத்தீரே'யிலிருந்து பிறந்ததுதான் பிரெஞ்சில் 'சொல்' என்று பொருள்படும் 'மோ'. முனகலாகக் கிளம்பியது அங்கே சொல்லுக்கே பெயராகிவிட்டது.

'மர்மர்' தொடர்ந்து கேட்கும் மெல்லிய ஒலி. பேச்சாகவே இருக்க வேண்டியதில்லை. ஓடையின் சலசலப்பு, கூட்டத்தின் இரைச்சல், தேனீக்களின் ரீங்காரம் எல்லாம் இதில் அடங்கும். லத்தீனிலும் 'முர்முர்'தான். சமஸ்கிருதத்தில் இலைகள் உரசும் ஒலிக்கு 'மர்மர'. இதயத்தில் டாக்டர் கேட்டது வால்வு வழியே ரத்தம் சுழித்து ஓடும்போது எழும் 'உஸ்' ஒலி. எல்லா மர்மரும் நோயல்ல. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கோளாறு எதுவும் இல்லாமலே கேட்கலாம். உங்களுடையது எந்த வகை என்பதை ரிப்போர்ட்டைப் படித்த டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேல்பூரிக்குப் போடும் பொரியை இந்திக்காரர் 'முர்முரா' என்பதையும் இதோடு முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். ரத்த உறவு தேட வேண்டாம். சத்தத்தை இரட்டித்துப் பெயர் வைப்பது எல்லா நாக்குக்கும் உள்ள பழக்கம். மராத்தியில் வாய்க்குள் பேசுவது 'புட்புட்டணே', இந்தியில் 'புத்புதானா'. எல்லாவற்றிலும் உதட்டெழுத்தே முன்னால் நிற்கிறது பாருங்கள்.

தமிழில் நமக்கு இதைவிட நுட்பமான பிரிவினை உண்டு, புழங்காமல் மழுங்கிக்கொண்டிருக்கிறது. வலியில் வருவது முனகல். நாக்கு புரளாவிட்டால் குழறல். நாக்கு நன்றாகப் புரண்டு, சொல்வதில் பொருள் இல்லாவிட்டால் உளறல். ஜுரத்தில் வந்தால் பிதற்றல். பிள்ளை வாயில் வந்தால் மழலை, அதற்கு மட்டும் நாம் கோபிப்பதே இல்லை. மொழிபெயர்க்கும்போது எல்லாவற்றையும் முணுமுணுப்பில் கொண்டுபோய்க் கொட்டுவது சோம்பல், சென்ற இதழில் நாங்கள் செய்ததும் அதுவே.

'மம்' என்பது நம் 'மௌனம்' என்பதிலிருந்து போனது என்று வாட்ஸ்ஆப்பில் படித்தேன். உண்மையா?
— முலுண்ட் வாசகர்

இல்லை. 'மௌனம்' வடசொல், 'முனி'யிலிருந்து வந்தது: முனிவனின் நிலை. 'மம்' வெறும் உதட்டொலி. தொடக்கத்தில் ஒரு ம இருப்பதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டு இல்லை. இப்படிப்பட்ட செய்தி வந்தால் இரண்டு சொல்லின் மிகப் பழைய வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைய வடிவங்கள் ஒத்துப்போவது சாட்சியாகாது. 'பேபிள்' என்ற உளறல் சொல் பாபேல் கோபுரத்திலிருந்து வந்தது என்பதும் இதே ரகம். அது குழந்தையின் 'பா பா'விலிருந்து வந்தது, கோபுரம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் உங்கள் கேள்வியைத் தொட்டு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அந்நியர் பேச்சு புரியாதபோது அதற்கு 'தெளிவற்றது' என்று பெயர் வைப்பது பழைய வழக்கம். கிரேக்கர் காதில் பிறர் பேச்சு 'பர் பர்' என்று விழுந்தது, அவர்களை 'பார்பரோஸ்' என்றார்கள். வடமொழியில் 'மிலேச்ச' என்பதற்கு, வினையடிகளின் பழைய பட்டியலான தாதுபாடம் தரும் பொருளே தெளிவற்ற ஒலி. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு, அரசனின் பாசறையில் காவல் நிற்கும் அந்நியரை "உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்" என்கிறது. சட்டை அணிந்தவர்கள், நாக்கால் பேசாமல் உடம்பால் பேசுகிறவர்கள். ஊருக்குப் புதிதாக வந்து இந்தி வராமல் தாதர் மார்க்கெட்டில் கையை ஆட்டி விலை கேட்டவர்களுக்கு அந்த வரி உடனே புரியும்.

பையனுக்கு 14 வயது. தமிழ் தெளிவாகப் பேசுகிறான், ஆங்கிலம் வாசித்தால் பாதி சொல் வாயிலேயே கரைந்துவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?
— ஆண்டாப் ஹில் வாசகி

முதலில் காது. "என்ன? என்ன?" என்று திருப்பிக் கேட்கிறானா, டி.வி.யைச் சத்தமாக வைக்கிறானா? அப்படியானால் கேட்கும் திறனைச் சோதிக்காமல் பேச்சைத் திருத்த முயல்வது வீண். பாந்த்ரா மேற்கில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது.

காது சரி என்றால் அடுத்துச் சொல்லின் வால். தமிழ்ச் சொல் எதுவும் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் ஆங்கிலத்தின் 'ஆஸ்க்' நம் வாயில் 'ஆஸ்க்கு' ஆகிறது. அந்த உகரத்துக்காக வகுப்பில் சிரிப்பார்கள். பையன் உகரத்தை வெட்டும்போது கூடவே 'க்'கையும் வெட்டிவிடுகிறான், மிச்சம் 'ஆஸ்'. ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி வால் அறுந்தால் கேட்பவருக்கு மம்பிள்தான். தமிழ் தெளிவாக இருந்து ஆங்கிலம் மட்டும் கரைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்கு மருந்து நன்னூலிலேயே இருக்கிறது: "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே." கடைசி மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டிச் சொல்லச் சொல்லுங்கள். 'ஹோல்ட் இட்' என்பதை 'ஹோல்டிட்' என்று ஒரே சொல்லாக. 'பிக் அப்' என்பதை 'பிக்கப்' என்று. இப்படி ஒட்டிப் பத்து ஜோடி பழகினால் வால் தானாகத் திரும்பி வரும். பிறகு அடுத்த சொல் மெய்யில் தொடங்கும் ஜோடிகள். அவை கடினம், இரண்டு வாரம் கழித்துப் போதும்.

தினம் பத்து நிமிடப் பயிற்சி போதுமானது. பாடப்புத்தகத்தில் ஐந்தாறு வரியை எடுத்து, மூச்சு விட வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். செல்போனைக் கையில் கொடுக்காமல் ஆறடி தள்ளி மேஜையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். வாய்க்கருகே வைத்தால் மம்பிள்கூடத் தெளிவாகவே பதிவாகும், ஏமாந்துபோவோம். ஒரு முறை வாசித்ததும் அவனையே கேட்கச் சொல்லி, புரியாத சொல்லை வட்டமிடச் சொல்லுங்கள். நீங்கள் வட்டமிட்டால் சண்டை வரும். பெரும்பாலும் வட்டங்கள் வரிக்கடைசியில்தான் குவியும், அங்கேதான் மூச்சு தீர்ந்து குரல் இறங்குகிறது. கோட்டை இரண்டு சொல் முன்னதாக மாற்றிப் போட்டு மறுபடி வாசிக்கட்டும்.

தாடையையும் பாருங்கள். 'ஆ' என்னும்போது பற்களுக்கிடையே இரண்டு விரல் நுழைகிற அளவு திறக்கிறதா? ஹால் அளவுள்ள வீட்டில் நாலு பேருக்கு நடுவே படிக்கிற பிள்ளைகள் பிறருக்குத் தொந்தரவாகக் கூடாதென்று பல்லைத் திறக்காமலே வாசித்துப் பழகியிருப்பார்கள். அவர்களை மொட்டைமாடியில் வாசிக்க வைத்தாலே பாதி சரியாகிவிடும். பென்சிலைக் கடித்துக்கொண்டு வாசிக்கச் சொல்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது தாடையை இறுக்கும், நமக்கு வேண்டியது தளர்வது. "சத்தமாப் படி" என்று அதட்டுவதும் உதவாது. குரல் ஏறும், சொல் தெளியாது.

போதையில் பேசுவதற்கு 'ஸ்லர்' என்கிறார்களே, அது மம்பிளா?
— சயான் வாசகர்

இல்லை. மம்பிளில் உதடு சோம்பல், ஸ்லரில் நாக்கு கட்டுப்படவில்லை. நம் குழறல். 'ஸ்லர்' முன்பு கூழான சேற்றைக் குறித்த சொல்.

இதில் ஒரு எச்சரிக்கை. குடிக்காதவருக்குத் திடீரென்று நாக்கு குழறினால் அதைப் பக்கவாதமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒருபக்கம் கோணுகிறதா? இரு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? கடைசியாக எப்போது சரியாகப் பேசினார் என்ற மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அந்த மணியிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேனும் எடுக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். ஆஸ்பிரினும் வேண்டாம். கட்டா கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். சற்று நேரத்தில் பேச்சு தெளிந்துவிட்டாலும் போயே ஆக வேண்டும்.

ஸ்டேஷன் அறிவிப்பு புரியாவிட்டால் 'கார்பிள்டு' என்கிறார்கள். நான் வாஷி மசாலா மார்க்கெட்டில் வேலை செய்கிறேன். எங்களிடம் 'கார்பிள்டு' மிளகு என்றால் நல்ல சரக்கு! இது என்ன கூத்து?
— நவி மும்பை வாசகர்

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது. இரண்டும் ஒரே சொல். அரபியில் 'ஃகிர்பால்' என்றால் சல்லடை, 'ஃகர்பல' என்றால் சலித்தான். மசாலா வியாபாரத்தோடு இத்தாலி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. லண்டனில் 'கார்ப்ளர்' என்றே ஒரு அதிகாரி இருந்தார். கடைக்குள் நுழைந்து மசாலாச் சரக்கைச் சோதித்து, காம்பு, தூசி, கல்லை நீக்கச் செய்வது அவர் வேலை. அப்போது கார்பிள் என்றால் சுத்தம் செய்வது மட்டுமே.

பிறகு சொல்லின் குணம் கெட்டது. ஒருவர் பேசியதில் தனக்கு வேண்டியதை மட்டும் சலித்தெடுத்து, மிச்சத்தை விட்டுவிட்டு, பொருளைத் திரித்துச் சொல்வதற்கும் 'கார்பிள்' என்றார்கள். சலிப்பது திரிப்பதாகி, திரிப்பது குழப்பமாகி, கடைசியில் கரகரவென்று கேட்கும் ஒலிபெருக்கி வரை வந்து நிற்கிறது.

மிளகு வியாபாரம் மட்டும் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. உங்கள் சாக்கில் 'எம்.ஜி. 1' என்று அச்சடித்திருக்குமே, அது 'மலபார் கார்பிள்டு', முதல் தரம். சலிக்காத சரக்கு 'அன்கார்பிள்டு', விலை குறைவு. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அந்தச் சொல் குப்பை, உங்கள் கடையில் அது குப்பை நீக்கிய மிளகு.